அஞ்சு கட்டை பேட்டரியில் ஓடிய லாஞ்சு

திருவொற்றியூர்க் கோபுரம் இடது கைப் பக்கம் தெரிகிற இடத்தில் லாஞ்சு நின்றது. கார் நிற்கிற மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். கடலில் எதுவும் ஓர் இடத்தில் நிற்காது. இன்ஜின் வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். எண்ணூருக்குப் போக வேண்டிய லாஞ்சு மெல்லத் திரும்பி, புறப்பட்ட ராயபுரத்தையே பார்த்து நகர ஆரம்பித்தது.

அவசரமாக நங்கூரத்தைத் தூக்கிப் போட்டேன். காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் போனதும் பலகைக்கு அடியில் தண்ணீர் மொத்துவது கேட்டது. கூடவே ஒரு நெடி, மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்குகிற நெடி. பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரிப் பெட்டி அடியில் பிளந்து, திராவகம் அத்தனையும் ஒழுகி, லாஞ்சின் அடித்தண்ணீரில் நுரைத்துக்கொண்டிருந்தது. ராயபுரத்தை விட்டுக் கிளம்பும்போது இரண்டு பெரிய அலைகள் எங்களைத் தூக்கிப் போட்டன. அதில் ஏதோ ஒன்றின் வேலை.

முன்பக்கம் காலி மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எல்லம்மா திரும்பினாள்.

“இன்னா அண்ணாத்தே, நின்னுட்ச்சா?”

“பேட்டரி செத்துப்போச்சு.”

“செத்தது செத்துட்ச்சி. நாம எப்போ போய்ச் சேருவோம், அத்த சொல்லு.”

எனக்கு எரிச்சலாக வந்தது. இடியே விழுந்தாலும் அடுத்த காரியம் என்ன என்று கேட்கிறவர்களைக் கண்டால் அந்த வயதில் எனக்கு ஆகாது. இப்போது அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது. அந்தப் புத்தி எனக்கு வந்தது அன்று சாயங்காலம்தான்.

எந்த லாஞ்சு, யார் இந்த எல்லம்மா

இது நடந்தது முப்பதுகளில் ஒரு வருஷம். எந்த வருஷம் என்று கேட்டுப் பத்திரிகை ஆசிரியருக்குக் கார்டு போடும் அன்பர்கள் மன்னிக்க வேண்டும். கார்த்திகை மாதம் என்பது வரைக்கும் நிச்சயம். மழை விட்டிருந்தது, வாடை விடவில்லை.

சில வாரங்களுக்கு முன்னால் நான் எழுதிய அதே மரக்கடைத் துரையின் லாஞ்சுதான். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில் ஒரு வெள்ளைக்காரர் மரக்கடை வைத்திருந்தார். நான் அவருடைய லாஞ்சு டிரைவர். வாரக் கடைசியில் அவர் மோட்டாரில் எண்ணூருக்குப் போய்விடுவார். நான் லாஞ்சைக் கடல் வழியாகக் கொண்டுபோய் எண்ணூர் உப்பங்கழியில் கட்ட வேண்டும். மறுநாள் துரையும் துரைசானியும் அதில் ஏறிக் கழியைச் சுற்றுவார்கள், வாத்து சுடுவார்கள். பெரும்பாலும் வாத்து தப்பித்துவிடும்.

அந்தக் காலத்து இன்ஜினைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் அதைக் கிளப்ப வேண்டும். சுற்றுவதற்குத் தோள் இருந்தால் போதும், பேட்டரி வேண்டாம். ஆனால் பெட்ரோலைப் பற்ற வைக்கிற பொறி பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டிக்கு மின்சாரம் போகும். பெட்டி வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் பொறி வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கு வண்டு மூச்சு விடவில்லை.

எல்லம்மாவுக்கு அந்த லாஞ்சில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அவள் புருஷன் முனுசாமி எனக்குத் துணையாக அதே லாஞ்சில் கயிறு பிடித்தவன். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்துக்காரன். கோடையில் வந்த காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு எல்லம்மா ராயபுரத்தில் அக்கா வீட்டோடு தங்கி, கைக்குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அன்று மதியம் நான் கிளம்புகிற நேரத்தில் படகுத்துறைக்கு ஓடிவந்தாள். என்னைக் கேட்காமலே ஏறி உட்கார்ந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

“இன்னிக்கே சீட்டு எடுக்கறாங்களாம் அண்ணாத்தே. ரயிலு பூட்ச்சி. பொழுது சாயறதுக்குள்ள என்னை ஊர்ல எறக்கி வுடு.”

பாடு

எண்ணூர்க் கழியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் வருகிற இடங்களைப் பிரித்து, இன்ன நாளில் இன்ன இடம் இன்ன வீட்டுக்கு என்று ஊர் கூடி முறை போட்டுக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். முனுசாமியின் குப்பத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து, பானைக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். பாடு என்றால் கஷ்டம் என்று நினைக்கிறவர்களும் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. இந்தப் பாடு கிடைக்காவிட்டால் அந்தப் பாடுதான்.

சீட்டு எடுப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ச் சேதி சொல்கிறவர் ஒரு துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, ‘வூடு கீதா?’ என்று கேட்பார். அந்த வீட்டைச் சேர்ந்தவர் ‘கீறோம்’, அதாவது ‘இருக்கிறோம்’, என்று பதில் சொல்ல வேண்டும். துடுப்பு இறங்கிவிடும். பதில் வராவிட்டால் கீழே இறக்காமல் இன்னும் உயரத் தூக்கி மறுபடி கேட்பார். மூன்றாம் தரமும் பதில் இல்லையென்றால் துடுப்பைக் கையிலிருந்து மணலில் போட்டுவிடுவார். அந்த வீடு பாடு முறையிலிருந்து நீங்கிவிட்டது என்று பொருள். திரும்பச் சேர வேண்டுமென்றால் ஊர் முழுக்கச் சம்மதிக்க வேண்டும். ஊர் முழுக்கச் சம்மதித்து நடந்த காரியம் எதையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இதெல்லாம் முனுசாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒண்டி ஆள் குடியிருக்கிற வீடானாலும் ‘கீறேன்’ என்று சொல்லக் கூடாதாம். “அது ஆளுக்கு. வூட்டுக்கு ‘கீறோம்’தான் அண்ணாத்தே” என்பான்.

அடுத்த பௌர்ணமிக்கு என்று வைத்திருந்த சீட்டை, கழியில் இறால் முன்னாலேயே ஏறிவிட்டது என்று அன்றைக்கே எடுக்க முடிவு செய்துவிட்டார்கள். எல்லம்மாவின் தம்பி அதே ஊரில் இருந்தான். அவளுக்காக வலை கட்டவும் அவன் தயார். ஆனால் அவன் வேறு வீடு, அவன் பதில் சொன்னால் செல்லாது. முனுசாமி வீட்டில் மிச்சம் இருந்தது இவளும் இன்னும் பேச்சு வராத அந்தக் குழந்தையும்தான்.

“பேட்டரிதானே?”

நங்கூரம் போட்டுக் கிடந்த எங்களைப் பார்த்து ஒரு கட்டுமரம் நெருங்கி வந்தது. திருவொற்றியூர்க் குப்பத்துக் காளத்தி. கடலில் அடிக்கடி பார்த்துப் பழக்கம்.

“இன்னா மாமு, டப்பா பேஜார் பண்ணுதா?” என்றான்.

எல்லம்மா அவன் கட்டுமரத்தையும் காற்றையும் கரையையும் ஒரு தரம் பார்த்தாள். கட்டுமரத்தில் எண்ணூர் போவதென்றால் வாடையும் எதிர், நீரோட்டமும் எதிர். கரையேறி மணலில் நடந்தால் விளக்கு வைத்துவிடுவார்கள். இரண்டும் உதவாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

“இந்த இன்ஜினுக்கு இன்னாதான் ஓணும்?” என்று என்னைக் கேட்டாள்.

“பேட்டரி. ஒரு பேட்டரி கெடைச்சா பொழுதோட சேர்த்துடுவேன்.”

“பேட்டரிதானே?” என்றான் காளத்தி. “எங்க குப்பத்துலயே கீது. இரு, எடுத்தாரேன்.”

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் ரோட்டோரம் ஒரு பஸ் கொட்டகை உண்டு. அங்கே இவனுக்கு யாரோ தோஸ்து இருக்கிறான், ஒரு பஸ் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வரப்போகிறான் என்று நானாகவே கதை கட்டிக்கொண்டேன். காளத்தி கரையைப் பார்த்து வலித்துக்கொண்டு போனான்.

அவன் வருவதற்குள் ஒரு பழைய சமாசாரம். கையில் பிடிக்கிற டார்ச் விளக்கு எங்கள் பக்கத்துக்கு வந்த புதிதில் அதை யாரும் டார்ச் என்று சொன்னதில்லை. பேட்டரி லைட்டு என்றார்கள். கொஞ்ச நாளில் லைட்டு உதிர்ந்து வெறும் பேட்டரி ஆகிவிட்டது. உள்ளே போடுகிற செல்லுக்குக் கட்டை என்று பெயர். ரெண்டு கட்டை வைத்திருப்பவனைவிட மூணு கட்டை வைத்திருப்பவன் ஒரு படி மேல். ராயபுரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் பார்த்தேன். முன்னும் பின்னும் காஸ் விளக்கு கண்ணைக் கூசுகிறது. நடுவில் மாப்பிள்ளை மாமனார் கொடுத்த பேட்டரியை எரியவிட்டுக்கொண்டு போகிறார், வழி தெரியாதவர் மாதிரி.

இவ்வளவும் தெரிந்த எனக்கு அன்று அது நினைவுக்கு வராமல் போனதுதான் வேடிக்கை.

வெயில் மஞ்சளாகிக் கோபுரத்துப் பக்கம் இறங்கத் தொடங்கியபோது காளத்தி திரும்பினான். ஈரம் படாமல் ஒரு துணி மூட்டையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். பஸ் பேட்டரியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் நிமிர்ந்து உட்கார முடியாதே என்று எனக்கு அப்போதே பட்டது.

“இந்தா மாமு. மூணு கட்டை ஒன்னு, ரெண்டு கட்டை ஒன்னு. எது ஓணுமோ எடுத்துக்கோ.”

நான் அவனைச் சொன்ன வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது. அவன் பரம்பரையில் யாரையும் விட்டுவைக்கவில்லை. காளத்திக்கு முகம் சுருங்கிவிட்டது.

“பேட்டரின்னுதானே கேட்ட? இருட்டிக்கினா வெளிச்சம் ஓணும்னு நெனச்சேன். மூணு கட்டை எங்க மாப்ளைக்குச் சீர்ல வந்தது. குடுக்கவே மாட்டேன்னான். கெஞ்சிக் கூத்தாடி வாங்கியாறேன், நீ இன்னாடான்னா கத்தற. கட்டையெல்லாம் புச்சு. பாத்துக்கோ.”

ரோஷத்தோடு இரண்டு விளக்கின் மூடியையும் திருகி, உள்ளே இருந்ததைப் பலகை மேல் கொட்டினான். அவை உருண்டு கடலில் விழாமல் எல்லம்மா புடவைத் தலைப்பைப் போட்டு அமுக்கினாள்.

நான் திட்டுவதை நிறுத்தினேன். அவள் தலைப்புக்கு அடியில் அஞ்சு கட்டை இருந்தது. அஞ்சையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சேர்த்தால் செத்துப்போன பேட்டரியின் பலம் வந்துவிடும். கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும், ஆனால் வரும்.

“எல்லம்மா, கூடையிலேர்ந்து ஓலை கொஞ்சம் கிழிச்சிக் குடு” என்றேன்.

இரண்டு உள்ளங்கை

ஓலையைக் குழாயாகச் சுருட்டி அஞ்சு கட்டையையும் வரிசையாக உள்ளே தள்ளினோம். காளத்தி வலை நூலால் மேலே சுற்றிக் கட்டினான். இரண்டு முனையிலும் ஒவ்வொரு தகரத் துண்டு, அதிலிருந்து ஒயர். வண்டு ரீங்காரம் போட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

கைப்பிடியைச் சுற்றினேன். இன்ஜின் இரண்டு தரம் இருமி நின்றது. இன்ஜினின் அதிர்ச்சியில் குழாய்க்குள் கட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுகின்றன. நூலை எவ்வளவு இறுக்கினாலும் அதே கதைதான். இரண்டு பக்கமும் யாராவது அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் உண்டு. எனக்கு ஒரு கையில் சுக்கான், மறு கையில் இன்ஜின். காளத்தி கட்டுமரத்தை விட்டுவிட்டு வர முடியாது.

எல்லம்மா குழாயை எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையையும் இரண்டு முனையில் வைத்து அழுத்தினாள்.

“ஷாக்கு அடிக்குமா?”

“அடிக்காது.”

“அடிச்சாலும் இப்ப சொல்லாத.”

சுற்றினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நங்கூரத்தை இழுத்து உள்ளே போட்டேன். காளத்தி கட்டுமரத்தில் எழுந்து நின்று, தன் பேட்டரிதான் ஓடுகிறது என்று கரைக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவ்வளவு தூரத்தில் யாருக்கு என்ன தெரியும்?

அங்கிருந்து எண்ணூர் வரை அவள் கையை எடுக்கவில்லை. எழுதுவதற்கு ஒரு வரி. ஓர் அடி நீளக் குழாயை இரண்டு பக்கமும் விடாமல் அழுத்தி உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கே தெரியும். முதலில் தோள் கடுக்கும், பிறகு மணிக்கட்டு நடுங்கும். வாடை முகத்தில் உப்புத் தண்ணீரை வாரி வாரி அடித்தது. முடி கலைந்து வாய்க்குள் போனது. அதை ஒதுக்க அவளுக்குக் கை இல்லை. தோளில் கன்னத்தைத் தேய்த்து ஒதுக்கிக்கொண்டாள்.

ஒரு தடவை அலை தூக்கிப் போட்டதில் கை வழுக்கி இன்ஜின் தடுமாறியது. நான் திரும்புவதற்குள் முழங்கை இரண்டையும் தொடைக்கு முட்டுக் கொடுத்து இன்னும் அழுத்தினாள். தகரத்தின் விளிம்பு உள்ளங்கையில் இறங்கியிருக்க வேண்டும். ஓலையில் ரத்தம் பட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

நான் துரைமார்களோடு பழகியவன். கடலில் தைரியசாலி என்று பெயர் வாங்கியவர்கள் சிலரை அருகில் பார்த்தவன். அன்று அந்த லாஞ்சை ஓட்டியது நான் இல்லை, அவள்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. முனுசாமி இதைப் பார்க்காமல் போய்விட்டானே என்றுதான் வருத்தமாக இருந்தது.

மூன்றாம் தரம்

முகத்துவாரத்தை நெருங்கும்போது சூரியன் பனைமரங்களுக்குள் போய்விட்டது. கடல் ஏறுகிற நேரம். தண்ணீர் கழிக்குள்ளே போய்க்கொண்டிருந்தது நல்லதாயிற்று. ஆனால் வாயிலில் மணல் மேடு உண்டு, அதன் மேல் அலை உடைந்துகொண்டிருந்தது. இன்ஜின் வேகத்தோடு நேராகத் தாண்டினால்தான் உண்டு. பக்கவாட்டில் திரும்பினால் கவிழ்த்துவிடும். கட்டைகளும் களைத்துவிட்டன. இன்ஜின் இரண்டு அடிக்கு ஒரு அடி விட்டுவிட்டு ஓடியது.

கரையில் அம்மன் கோயிலுக்கு முன்னால் கூட்டம் தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவில் துடுப்பு உயர்ந்து நின்றது. இறங்கவில்லை. இன்னும் உயர்ந்தது.

பதில் சொல்லாத வீடு. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அவள் வாயைத் திறந்து கத்தினாள். பக்கத்தில் இருக்கிற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை, இன்ஜின் அப்படி அலறிக்கொண்டிருந்தது. கரையில் ஒருவரும் திரும்பவில்லை. கையை ஆட்டலாம் என்றால் கை அவளுடையதாக இல்லை.

துடுப்பு மூன்றாம் தரம் உயரத் தொடங்கியது.

அவள் என்னைப் பார்த்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. ‘எடுக்காதே, மேட்டு மேல இருக்கோம்’ என்று கத்தினேன். அவள் இரண்டு கையையும் விரித்தாள்.

குழாய் மடியிலிருந்து உருண்டது. இன்ஜின் நின்றது. வழி முழுக்க எங்களை எதிர்த்துத் தள்ளிய வாடை, லாஞ்சு கழியைப் பார்த்துத் திரும்பிவிட்டதால், இப்போது எங்கள் முதுகுப் பக்கமிருந்து கரையைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. எல்லம்மா எழுந்து நின்றாள்.

“கீறோம்.”

ஒரே தரம்தான். அது தண்ணீர் மேலே போய்க் கரையில் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பின. துடுப்பு அந்தரத்தில் நின்றுவிட்டது.

அதற்குள் ஓர் அலை லாஞ்சின் பின்பக்கத்தைத் தூக்கியது. நான் சுக்கானில் தொங்கினேன். உள்ளே போன தண்ணீர் எங்களையும் வாரிக்கொண்டு மேட்டைத் தாண்டிப் போட்டது. முழங்கால் வரை நனைந்து, உயிரோடு, கழிக்குள் மிதந்தோம்.

ஊர்த் தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் தண்ணீர் ஓரம் வரை இறங்கி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, வழக்கம் தவறக் கூடாது என்பவர்.

“யாரு வூடும்மா?”

“முனுசாமி வூடு.”

“கரையில வந்து சொல்றதுதான் வயக்கம். தண்ணி மேல நின்னு சொன்னா எப்டி எடுத்துக்கறது?”

“நாட்டாரே, நீங்க பங்கு போடறது மணலையா, தண்ணியையா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் தம்பியாகத்தான் இருக்கும். நாட்டார் சிரிக்கவில்லை. கழியை ஒரு தரம் பார்த்தார், பிறகு நனைந்து நிற்கிற அவளைப் பார்த்தார். தலையைத் திருப்பாமலே, “எறக்குப்பா” என்றார்.

துடுப்பு இறங்கியது.

எல்லம்மாவை இரண்டு பேர் கை கொடுத்து இறக்கினார்கள். அவள் பானைக்குள் கை விட்டபோது உள்ளங்கையில் தகரத் துண்டின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்ததைப் பார்த்தேன். அந்த வருஷம் அவளுக்கு விழுந்தது நல்ல இடமா, சுமாரான இடமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள மறந்துவிட்டேன். பிள்ளை வளர்ந்து அதே முறையில் வலை கட்டினான் என்பது தெரியும். காளத்தியின் மாப்பிள்ளைக்கு அஞ்சு புதுக் கட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து காளத்தி என்னை எங்கே பார்த்தாலும், “மாமு, பேட்டரி ஓணுமா?” என்பான்.

எல்லம்மா போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. என் மனைவி போய் ஆறேழு வருஷம் இருக்கும். வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கிற தபால்காரர் போன வாரம் வாசலில் நின்று, “வூட்ல கீறீங்களா?” என்று குரல் கொடுத்தார்.

“கீறோம்” என்றேன்.

அவர் கார்டைக் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் யார் என்று எட்டிப் பார்த்தார்.